லட்சுமிக்கு ரெண்டு மூக்கு

ஏ தாயி, அந்தக் காயிதத்த இன்னொரு மட்டம் வாசி பாப்போம். ‘அச்சுப்பிசகில் சிதறும் தெய்வ உருவின் வழியாகக் காலனியப் பார்வையின் ஒழுங்கை விசாரிக்கிறேன்’னு எழுதியிருக்கியே, அந்த எடத்த. ஆகா! கேக்கக் கேக்கக் குளுகுளுன்னு இருக்கு. எந்த ஸ்டேசன்ல வச்சு விசாரிச்சங்கிறதுதான் எனக்கு வெளங்கல.

அந்தக் காலண்டர் லட்சுமி அம்மாவுக்கு ரெண்டாவது மூக்கு எப்படி மொளச்சதுன்னு என்னயக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேனே. சிவகாசியில நான் மிசின் பக்கத்துல நின்ன காலம். மஞ்சள், செவப்பு, நீலம், கறுப்புன்னு நாலு மசி. ஒவ்வொரு மசிக்கும் ஒரு மட்டம் தாள் உள்ள போயி வரணும். நாலும் ஒண்ணு மேல ஒண்ணு மயிரிழ பிசகாம உக்காரணும், அதுக்கு ரிஜிஸ்டர்னு பேரு. தாள் அடுக்கிக் குடுக்கிற பய டீ குடிக்கப் போயிட்டான். அந்த நேரம் பாத்து தாள் லேசா நகந்துட்டு. செவப்பு ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம். அம்மாவுக்கு ரெண்டு மூக்கு, யானைக்கு மூணு தும்பிக்கை. மொதலாளி போட்ட சத்தம் சாத்தூர் வரைக்கும் கேட்டிருக்கும். அந்தக் கழிவுத்தாளத்தான் ஒங்கப்பன் பொஸ்தகத்துக்கு அட்டை போட நான் வீட்டுக்குக் கொண்டாந்தேன். மிச்சம் கெடந்தத நீ எடுத்து, ஆளுயரத்துக்கு வரைஞ்சு, அமெரிக்காவுக்கு அனுப்பி, ரெண்டு யுனிவர்சிட்டியில எடமும் வாங்கிட்ட. டீ குடிக்கப் போன பயலுக்கு மொதலாளி அபராதம் போட்டாரு. ஒனக்கு அதே மூக்குக்கு அட்மிஷன்.

ஒன்னயக் குத்தஞ்சொல்லல. ஸ்டேட்மென்ட் எழுதச் சொன்னா எழுதத்தான் வேணும். மூக்கப் பத்தி ரெண்டு பக்கம் எழுதுனவ டீயப் பத்தி ஒரு வரி எழுதாம விட்டுட்டியே, அதுதான் என் வருத்தம். அங்கன பாடம் நடத்துறவுக கெட்டிக்காரவுக. காலனியம், ஒழுங்கு, விசாரணைன்னு வருசா வருசம் கட்டுக்கட்டா வாசிச்சுச் சலிச்சவுக. சிவகாசி பிரஸ்ல டீ குடிக்கப் போன பயல ஒருத்தரும் எழுதியிருக்க மாட்டாக. அடுத்த மட்டம் அவனையும் உள்ள சேத்துரு.

சரி, அந்தப் பாடெல்லாம் முடிஞ்சுபோச்சு. 20 படம், மூணு வாத்தியார் கடுதாசி, இங்கிலீசுப் பரீச்சை, ஜனவரிக்குள்ள எல்லாத்தையும் அனுப்பியாச்சு. இப்ப வழக்கு எங்க போறதுங்கிறதுல.

பிலடெல்பியாவுல ஒரு தனியார்க்காரன் கூப்பிடுதான். சோளக்காட்டு நடுவுல ஒரு சர்க்கார் யுனிவர்சிட்டிக்காரன் கூப்பிடுதான். மொதல் ஆளு கட்டடம் அழகு, போட்டோ பாத்தேன். பீசு வருசத்துக்கு 50,000 டாலருக்கு மேல. அதுல கால்வாசி கொறைச்சுத் தாரானாம். ஒங்கப்பன் அதப் போயி ‘ஸ்காலர்ஷிப், ஸ்காலர்ஷிப்’னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிட்டு வந்துருக்கான். ஆடித் தள்ளுபடியில சேலை எடுத்தவ எனக்கு ஜவுளிக்கடைக்காரன் ஸ்காலர்ஷிப் குடுத்தான்னு சொன்னா எப்படி இருக்கும்? மிச்சம் முக்கால்வாசிக்கு வீட்டுப் பத்திரத்த பேங்குல வைக்கப் போறானாம். தங்க, திங்க, கேன்வாசு வாங்க, குளுருக்குக் கோட்டு வாங்க இதுல ஒரு சல்லி சேரல.

சோளக்காட்டுக்காரன் பீசு பூராவும் வேண்டாங்கான். மாசா மாசம் கையில கொஞ்சம் காசும் தாரான். பதிலுக்கு அவன் மொத வருசப் பிள்ளைகளுக்கு நீ டிராயிங் சொல்லிக்குடுக்கணும். அசிஸ்டென்ட்ஷிப்பாம். சம்பளம் வாங்கிட்டுப் படிக்கிறது கேவலம், வீட்ட அடகு வச்சுப் படிக்கிறதுதான் கௌரவம்னு நெனைக்கிறது நம்ம வம்சத்துப் புத்தி. நான் எதையும் சொல்லல தாயி. படிக்கப் போறவ நீ, முடிவு ஒன் கையில. ஏப்ரல் 15 வரைக்கும் நாள் இருக்கு. காசோட எடம் குடுக்கிற யுனிவர்சிட்டிகள்ல நெறையப் பேரு, அந்தத் தேதிக்கு முன்னாடி பிள்ளைகள நெருக்கக் கூடாதுன்னு தங்களுக்குள்ள பேசி வச்சிருக்காக. அதுக்குள்ள சோளக்காட்டுக்காரன்கிட்ட நாலு கேள்வி எழுத்துல கேட்டு வாங்கு. இந்தக் காசு மொத வருசத்துக்கு மட்டுமா, ரெண்டு வருசத்துக்குமா? மெடிக்கல் இன்சூரன்சு யாரு கட்டுவா? கோடை லீவுல காசு உண்டா? ஸ்டூடியோ தனியா, கூட்டா? ‘வாருங்கள், உங்கள் படைப்பு எங்களை உலுக்கியது’ன்னு அவன் எழுதினதப் படிச்சு நீ உருகுனதெல்லாம் சரி, இதுக்கு அவன் பதில் எழுதட்டும்.

இதெல்லாம் இந்தக் கெழவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்குதியா? நம்ம பங்காளி மகன் ஒருத்தன் அங்க போயி இதே எம்.எஃப்.ஏ. படிப்பு படிச்சிருக்கான்லா. அவனுக்கு ராத்திரியா இருக்கையில இங்கன பகல். தெனம் போன் போட்டுக் கறந்துட்டேன்.

அவன் சொன்னதுல எனக்கு வயித்தக் கலக்கின சங்கதி ஒண்ணு உண்டு. பிலடெல்பியாவுலயே ‘யுனிவர்சிட்டி ஆப் தி ஆர்ட்ஸ்’னு ஒண்ணு இருந்துச்சாம். 2024 மே 31 அன்னைக்கு ‘நாங்க மூடப் போறோம்’னு சொல்லி, ஜூன் 7ல பூட்டிட்டாக. ஒரே வாரம். ஆயிரத்துக்கு மேல பிள்ளைக. அதே ஊருல 1805ல ஆரம்பிச்ச பென்சில்வேனியா நுண்கலை அகாடமி, அந்த நாட்டுலயே பழசு, அதுவும் அந்த வருசம் ஜனவரியிலயே ‘பட்டப்படிப்ப நிறுத்தப் போறோம்’னு சொல்லிட்டு. சான் பிரான்சிஸ்கோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட் 1871ல வச்சது, 2022ல மூடியாச்சு. அங்கன ஒரு செவர் நெறைய தியேகோ ரிவேரான்னு மெக்சிகோக்காரரு 1931ல படம் எழுதியிருக்காரு. ஒரு பட்டணம் உருவாகிறதத்தான் எழுதுனாரு. நட்டநடுவுல சாரத்து மேல தானும் உக்காந்து வரையிற மாதிரி, முதுகும் பின்பக்கமும் ஆளுகளப் பாத்துத் தெரியிற மாதிரி எழுதி வச்சிருக்காரு. பள்ளிக்கூடத்துக்கு என்ன கதி வரும்னு மனுசனுக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கும் போல.

நம்ம கொண்டையா ராஜு கதையும் கிட்டத்தட்ட இதுதான். சென்னையில ஹண்டர்ங்கிற டாக்டரு 1850ல தொடங்குன ஆர்ட்ஸ் ஸ்கூல், இப்ப நீ படிச்சிட்டு வந்திருக்கியே, அங்கன படிச்சவருதான் அவரும். ரமணாசிரமத்துல கொஞ்ச காலம் கெடந்தாரு. பொறவு நாடகக் கம்பெனிக்குச் சீன் எழுதிக்கிட்டு ஊர் ஊராப் போனாரு. கம்பெனி கோவில்பட்டியில வந்து கலைஞ்சுபோச்சு. மனுசன் அங்கனயே தங்கிட்டாரு. அவரும் அவரு சீசப்பிள்ளைகளும் எழுதுன லட்சுமியும் முருகனும் சிவகாசி வழியா தமிழ்நாட்டுச் செவர் பூராவும் ஏறிடுச்சு. 1976ல அவரு காலமானாரு. காலண்டர்ல இன்னும் அதே மூஞ்சிகதான். அவருக்கு விசா கெடையாது தாயி, அதனால தப்பிச்சாரு. நீ நிக்கிற கம்பெனி கலைஞ்சா, இன்னொரு பள்ளிக்கூடம் ஒன்னய எடுத்து ஒன் ரெக்கார்ட அங்கிட்டு மாத்திக்கிட்டாத்தான் அந்த நாட்டுல நிக்க முடியும். அதனால கட்டடத்தோட போட்டோவப் பாக்காத. பிள்ளைக எண்ணிக்கை நாலஞ்சு வருசமா ஏறுதா எறங்குதா, எத்தன துறைய மூடுனாக, கணக்கு என்ன சொல்லுதுன்னு பாரு. இதையும் நான் ஒரு பக்கமா நின்னு சொல்லல.

படிப்பு என்னன்னு கேட்டா, பங்காளி மகன் சிரிக்கான். பாடம் கொஞ்சந்தானாம். ஒரு ரூமு, ஒரு சாவி, ரெண்டு வருசம். நீயா வரையணும், நீயாத் தவிக்கணும். நடுநடுவுல கிரிட்னு ஒண்ணு வைப்பாக. போன வருசம் அருப்புக்கோட்டைக்காரக பொண்ணு பாக்க வந்தப்ப, காப்பித்தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன்னு கதவச் சாத்திக்கிட்ட பாரு, அதத்தான் அங்கன ரெண்டு வருசம் பாடமா வச்சிருக்கான். ஒன் படத்தச் செவத்துல மாட்டிட்டு நீ ஓரமா நிக்கணும். வட்டமா நாற்காலி போட்டு உக்காருவாக. பல எடத்துல மொத அரைமணி நேரம் நீ வாயத் தொறக்கப்படாது. ஒருத்தி நெறம் கொஞ்சம் மட்டுன்னுவா. ஒருத்தன் ஓரத்துல எடம் வீணாக் கெடக்குன்னுவான். இன்னொருத்தன் இது ஏற்கெனவே ஜெர்மனியில ஒருத்தர் பண்ணிட்டாருன்னுவான், மூத்த தாரம் இருக்காளேங்கிற தோரணையில. வாத்தியார் தாடிய நீவிக்கிட்டு ‘இன்ட்ரஸ்டிங்’ம்பாரு. அது ஊருக்குப் போயி கடுதாசி போடுதோம்ங்கிற சாதி. பலகாரம் மட்டுந்தான் கெடையாது.

ஆனா இதுல ஒரு நல்லதும் உண்டு. பொண்ணு பாக்க வந்தவக கெளம்பிப் போயிருவாக, இவுக அடுத்த மாசமும் வருவாக. ஒரு நோட்டு வச்சுக்கோ. யாரு என்ன சொன்னாகன்னு எழுது. மூணு கிரிட்டு கழிஞ்சதும் பிரிச்சுப் பாரு. படத்தப் பாத்துட்டுப் பேசுறவன் யாரு, பேசி முடிச்சுட்டுப் படத்தப் பாக்கிறவன் யாருன்னு தன்னால தெரிஞ்சுபோகும். மொத சாதிக்காரக ரெண்டு பேரு தேறுனாப் போதும், அவுகள விட்டுராத. மத்தவகளுக்குச் சிரிச்சு வை. ஒன் முறை முடிஞ்சு அடுத்தவ படத்துக்கு முன்னால உக்காந்தா, இங்கன மாதிரி வாயப் பொத்திக்கிட்டு மரியாதையா இருந்துராத. சும்மா இருக்கிறவளுக்குச் சொல்ல ஒண்ணுமில்லன்னு கணக்குப் பண்ணிருவாக. வாத்தியாரப் பேரு சொல்லிக் கூப்பிடச் சொன்னாலும் கூப்பிடு, நாக்கு அழுகிறாது. கடுதாசி எழுதையில மட்டும் அந்தப் பழக்கத்த ஒங்கப்பன்கிட்ட காட்டிராத.

ஆடையில்லாம மாடல் நிக்கிற கிளாசும் உண்டுன்னு பங்காளி மகன் சொன்னான். அத ஒங்காத்தாகிட்ட நான் வேற மாதிரி சொல்லி வச்சிருக்கேன், நீ ஒளறிராத. அந்தப் பழைய பிலடெல்பியா அகாடமியில தாமஸ் ஈக்கின்ஸ்னு ஒரு வாத்தியார். பெரிய கை. பொம்பளப் பிள்ளைக இருந்த கிளாசுல ஒரு ஆம்பள மாடலோட கோவணத்த அவுத்துட்டாரு. இடுப்புத் தசை எப்படி ஓடுதுன்னு காட்டணுமாம். 1886ல அவர ராஜினாமா பண்ண வச்சுட்டாக. உழவுக்குப் போன நம்ம ஆளுகள்லாம் வெறும் கோவணத்தோடதான் நின்னாக, ஒருத்தரு வேலையும் போகல. வரைய ஆளில்ல, அதான். அதே ஊருல இருக்கிற வேற ஒரு மியூசியத்துல மூத்திரக் கோப்பை ஒண்ண மல்லாக்கச் சாய்ச்சு மேடையில வச்சிருக்காக. மார்செல் துஷாம் 1917ல குடுத்ததோட நகல், அசல் எங்கயோ தொலைஞ்சுபோச்சாம். தொலைச்சவனுக்குத்தான் அது என்னன்னு தெரிஞ்சிருக்கு.

சிரிக்காத, அந்த மியூசியத்துக்கு நீ ஒரு மட்டம் போகத்தான் வேணும். சோளக்காட்டுல இருந்தும் லீவுக்குப் போகலாம், பஸ்ஸு உண்டு. உள்ள மதுரை மதனகோபாலசாமி கோயில் மண்டபம் நிக்குது. 1912ல அடலின் கிப்சன்னு பிலடெல்பியாக்காரப் பொண்ணு மதுரைக்கு வந்துருக்கா. கோயில் பக்கம் தூணெல்லாம் குமிச்சுக் கெடந்துருக்கு. மதுரைக்கு வந்த பொண்ணுக சுங்குடிச் சேலை வாங்கிட்டுப் போகும், இந்தப் புள்ள மண்டபத்த வாங்கிட்டுக் கப்பல் ஏத்திட்டா. அவ எறந்த பொறவு 1919ல அவ குடும்பத்தார் மியூசியத்துக்குக் குடுத்துட்டாக. கருங்கல்லுத் தூணு, யாளி, எல்லாம் அப்படியே. பக்கத்துல போயி நில்லு, தொடாத, ஆளு வருவான். அங்கன ஒட்டியிருக்கிற விளக்க அட்டையையும் வாசி. கல்லுக்கே அட்டை ஒட்டித்தான் நிப்பாட்டியிருக்கான், ஒன்னய மட்டும் சும்மா விடுவானா? ‘தென்னிந்தியப் பெண் ஓவியர், தெய்வ உருவங்களைக் கையாள்கிறார்’னு நெத்தியில ஒட்டிருவான். நீ ஒரு கத்திரிக்காய வரைஞ்சு வச்சாலும் அது என்ன சடங்குன்னு கேப்பான்.

கேக்கட்டும். மொத வருசம் நாலு பேருக்குச் சொல்லு. ரெண்டாவது வருசமும் அதையே வித்துச் சாப்பிடாத, பழகிப்போச்சுன்னா கத்திரிக்கா வரையவே கை வராது. ஐயோவா யுனிவர்சிட்டியில கிராண்ட் வுட்னு ஒரு வாத்தியார் இருந்தாரு. வைக்கோல் கவையக் கையில புடிச்சுக்கிட்டு ஒரு சம்சாரி மொறச்சுக்கிட்டு நிப்பாரே, ‘அமெரிக்கன் காத்திக்’, 1930ல அவரு வரைஞ்சது. அவருகிட்ட எலிசபெத் கேட்லெட்னு கறுப்பினப் பொண்ணு படிக்க வந்துச்சு. ஒனக்கு நல்லாத் தெரிஞ்சத எடுத்துச் செய்யின்னாரு. அந்தப் பொண்ணு தாயும் பிள்ளையுமா ஒரு கல்லுச்சிலை செதுக்கி, 1940ல பட்டம் வாங்குச்சு. அந்த யுனிவர்சிட்டி குடுத்த மொத எம்.எஃப்.ஏ. பட்டங்கள்ல அதுவும் ஒண்ணு. அந்த வருசமே சிகாகோவுல அந்தச் சிலைக்கு மொதப் பரிசு. பட்டம் குடுத்தாக, ஆனா கறுப்பின மாணவிக ஹாஸ்டல்ல தங்கக் கூடாதுன்னுட்டாக. வாத்தியார் சொன்னதுல தப்பில்ல, அவரும் தன் ஊரு சம்சாரியத்தான் வரைஞ்சாரு. எல்லா வாத்தியாரும் அப்படி இல்ல. ‘உன் பண்பாட்டை வரை’ன்னு ஒனக்கு மட்டும் சொல்லி, பக்கத்துல இருக்கிற ஓகையோப் பயல எதுவேணா வரையின்னு விட்டா, அந்த வாத்தியார் பேர நோட்டுல தனிப் பக்கத்துல எழுது.

விசாவப் பத்தி நெறையப் பேச ஒண்ணுமில்ல. யுனிவர்சிட்டிகிட்டருந்து ஐ-20ங்கிற காயிதம் வந்ததும் 350 டாலர் செவிஸ் கட்டணம் கட்டணும், மறந்துராத. மொத வருசச் செலவுக்குக் காசு எங்கேருந்துன்னு காட்டணும். சோளக்காட்டுக் காயிதம் இருந்தா அது சுளுவு. நான் சும்மா சொன்னேன். சென்னையில ஜெமினி பக்கம் இருக்கிற ஆபீஸ்ல கண்ணாடிக்குப் பின்னால ஒருத்தன் நிப்பான். வாரவக எல்லாரும் அங்கயே குடியேற வாரவகதான்னு நெனச்சுக்கிடணும்னு அவன் சட்டமே சொல்லுதாம், இல்லன்னு காட்டுறது ஒன் பாடு. கேட்டதுக்குப் பதில் சொல்லு, கேக்காததச் சொல்லாத, காலனியப் பார்வைய விசாரிக்கப் போறேன்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிராத. 2025லருந்து பேஸ்புக், இன்ஸ்டாகிராம் எல்லாத்தையும் பூட்டு இல்லாம தொறந்து வைக்கச் சொல்லுதாக. போன பொங்கலுக்கு நீ போட்ட படத்துல நான் வாயில பீடியோட நிக்கேன். அத எடுத்துரு.

அங்கன போனா படிப்பு நடக்கையில வாரத்துக்கு 20 மணி நேரந்தான் வேலை, அதுவும் காலேசுக்குள்ளதான். வெளிய ஓட்டல்ல பாத்திரம் கழுவக் கூப்பிட்டா போகாத, புடிச்சா விசா போயிரும். முடிச்ச பொறவு ஓ.பி.டி.ன்னு ஒரு வருசம் வேலை பாக்க விடுவாக. அதுல மொத்தம் 90 நாளைக்கு மேல சும்மா இருக்கப்படாது. கம்ப்யூட்டர் படிச்சவனுக்கு இன்னும் ரெண்டு வருசம் நீட்டிக் குடுக்கான், பெயின்டிங் படிச்சவளுக்கு ஒரு வருசத்தோட சரி. பொறவும் இருக்கணும்னா ஓ-1னு ஒண்ணு இருக்கு, அசாதாரணத் திறமை உள்ளவகளுக்காம். ஒனக்குத் திறமை இருக்குன்னு நான் சொன்னா செல்லாது, பேப்பர்ல வந்துருக்கணும், கண்காட்சி நடத்திருக்கணும், பெரியவுக எழுதிக் குடுக்கணும். அதனால எவன் ஒன் படத்தப் பத்தி எந்த மூலையில ரெண்டு வரி எழுதினாலும் வெட்டி ஒட்டி வையி. திட்டி எழுதினதையும் வையி. இங்கிட்டுத் திரும்பி வந்து வாத்தியார் ஆகணும்னா அந்தப் பட்டத்துக்குச் சமானச் சான்று வாங்கணும், நெட் மாதிரி தகுதிப் பரீச்சை எழுதணும். அங்கன அதே பட்டத்த வச்சுக்கிட்டு காலேசுல பாடம் நடத்தலாம். வேலை காலி இருந்தாத்தான்.

சரி, கெளம்பு. ஒங்கப்பன் சாயந்தரம் பேங்கு மேனேஜரப் பாக்கப் போறதாச் சொன்னான். காலையிலருந்து பீரோவத் தலகீழாப் பொரட்டிக்கிட்டு, ஒங்காத்தாகிட்ட சத்தம் போட்டுக்கிட்டு இருக்கான். பத்திரம் குலுக்கைக்குள்ள கம்புக்கு அடியில இருக்கு. ஏப்ரல் 15 தாண்டினதும் நானே எடுத்துக் குடுத்துருவேன். அவன் கேட்டா, எனக்குக் கண்ணு சரியாத் தெரியலன்னு சொல்லு.